தேர்க்காலில் விழும் கன்றுகள்

திருவாரூர் வீதியில் சோழ இளவரசன் தேரேறிச் சென்ற கதையை அறியாத தமிழர் இரார். துள்ளி வந்த பசுங்கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்தது. மன்னன் இறங்கி வந்து, நடந்ததை வினவினான். அமைச்சர்கள் என்ன சொன்னார்கள்? கன்று தானாகவே பாய்ந்து வந்து விழுந்தது. இளவரசர் வேண்டுமென்று செய்யவில்லை. இதற்கெனக் கழுவாய் விதிக்கப்பட்டிருக்கிறது, அதனைச் செய்தால் போதும் என்றார்கள். மன்னன் அதனை ஏற்றானில்லை. சேக்கிழார் தம் பெரியபுராணத்தின் தொடக்கப் பகுதியிலேயே இந்நிகழ்ச்சியைப் பாடி வைத்தார்.

அக்கதையின் இறுதியில் வரும் தண்டனையை இன்று எவரும் வேண்டார்; நாமும் வேண்டோம். நாம் போற்றுவது அம்மன்னனின் மறுப்பை. ‘கன்று தானே வந்து விழுந்தது’ என்ற எளிய சமாதானத்தை அவன் ஏற்க மறுத்தான். வீதியில் ஓர் உயிர் போனால் அதற்கொரு காரணம் இருக்கும். காரணம் இருக்குமாயின் பொறுப்பும் இருக்கும் என்று எண்ணினான். இன்று நம் சாலைகளில் நாள்தோறும் மனிதர் விழுகின்றனர். நம் வாயிலோ இன்னும் அமைச்சர்களின் சமாதானமே நிற்கிறது.

விதி என்னும் போர்வை

விபத்தில் இறந்தவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கச் செல்வோரின் பேச்சைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். “அவனுக்கு அவ்வளவுதான் எழுதியிருந்தது” என்பார் ஒருவர். “நேரம் வந்துவிட்டால் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும் போகத்தான் வேண்டும்” என்பார் மற்றொருவர். நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் இதே கருத்து வேறு சொல்லில் வரும்: “ஆண்டவருக்குப் பிரியமானவன், அழைத்துக்கொண்டார்.”

துயருற்றவருக்கு ஆறுதல் வேண்டும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஆறுதல் மொழி உண்மையை மூடும் போர்வையாகிவிடக் கூடாது. இருபது வயது மகன் தலைக்கவசமின்றிச் சென்று தலையில் அடிபட்டு இறந்தான் என்றால், அதனை இறைவனின் கணக்கில் எழுதுவது எங்ஙனம் முறையாகும்? விளக்கில்லாத வண்டியை இருளில் சாலையோரம் நிறுத்திச் சென்றவன் மனிதன். குடித்துவிட்டுக் கைப்பிடியைப் பற்றியவன் மனிதன். வளைவில் எச்சரிக்கைப் பலகை நடாமல் விட்டவனும் மனிதனே. மனிதர் செய்தவற்றை இறைவன்மேல் ஏற்றிச் சொல்வது பக்தியன்று. அறியாமல் செய்யும் பழிச்சொல் என்றே கூற வேண்டும்.

விதி என்று சொல்லிவிட்டால் வேறொரு தீங்கும் உண்டு. காரணத்தை எவரும் தேடார். தேடாத காரணம் அவ்விடத்திலேயே இருக்கும். அடுத்த மாதம் அதே வளைவில் அடுத்த வீட்டுப் பிள்ளை விழுவான். அப்பொழுதும் விதி என்றே சொல்லுவோம்.

கணக்கு கூறும் செய்தி

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் காட்டியது. அவ்வாண்டில் நாட்டிலேயே மிகுதியான விபத்துகள் நிகழ்ந்த மாநிலம் நம் தமிழ்நாடு, எண்ணிக்கை 64,105. உயிரிழந்தோர் 17,884 பேர். நாளொன்றுக்கு நாற்பத்தொன்பது பேர், அரைமணிக்கு ஒருவர். ஞாயிறு திருப்பலி தொடங்கி முடிவதற்குள் தமிழ்நாட்டில் இருவர் சாலையில் மாண்டிருப்பர்.

இறந்தவர் யாவர்? பெரிய கார்களில் செல்லும் செல்வர் என்று எண்ணற்க. நாடு முழுதும் இறந்தோரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். இவ்விரு கூட்டத்தாரையும் கூட்டினால் மூவரில் இருவர் ஆகின்றனர். மேலும், சாவுகளில் ஏறத்தாழ 68 விழுக்காடு நாட்டுப்புறங்களில் நிகழ்ந்தவை. ஆகவே இது பட்டணத்தாரின் சிக்கல், நமக்கென்ன என்று நாட்டுப்புறப் பங்குகள் வாளாவிருத்தல் இயலாது. பால் ஊற்றி வரச் சென்றவர், கூலி வேலைக்குச் சென்ற தாய், பள்ளி விட்டு வந்த சிறுமி ஆகியோரே இக்கணக்கில் எண்களாக நிற்கின்றனர்.

பனமலையிலிருந்து பெருஞ்சாலை வரை

விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பனமலையை எடுத்துக்கொள்வோம். ஏரியை நோக்கியவாறு குன்றின்மேல் நிற்கும் தாளகிரீசுவரர் கோயில், பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பியது. அது நின்று ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகின்றன. அந்நெடுங்காலத்தின் பெரும்பகுதியில் இவ்வட்டாரத்துப் பாதைகளில் சென்ற மிக விரைவான பொருள் மாட்டுவண்டியோ குதிரையோதான். வீட்டு வாயிற்படி நேரே பாதையில் இறங்கும். பிள்ளைகள் பாதையில் ஆடுவர். ஆடு மாடுகள் பாதையில் படுக்கும். களத்தில் இடம் போதாவிடில் பாதையிலேயே கதிர் பரப்புவர். அந்த வேகத்திற்கு அப்பழக்கங்கள் ஒத்து வந்தன.

இன்று பாதை தார்ச்சாலையாயிற்று, பழக்கங்கள் மாறவில்லை. நெல்லும் உளுந்தும் கேழ்வரகும் இன்றும் சாலையின் பாதியில் காய்கின்றன. குவியலைச் சுற்றிக் காவலுக்கு வைத்த கற்கள் இரவில் எடுக்கப்படாமல் கிடக்கின்றன. கரும்பு வெட்டும் பருவத்தில் டிராக்டரின் பின்புறம் கரும்பின் தோகை முழங்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன்பின் சிவப்பு விளக்கும் இல்லை, ஒளி காட்டும் பட்டையும் இல்லை. இருளில் மோட்டார் சைக்கிளில் வருபவன், எதிரே வரும் வண்டியின் முகவிளக்குக் கண்ணைப் பறிக்க, அந்த இருட்டுச் சுமையின்மீது நேரே சென்று மோதுகிறான்.

பெருஞ்சாலையின் கதையும் இதுவே. சென்னையையும் திருச்சியையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், திண்டிவனம் முதல் உளுந்தூர்பேட்டை வரையிலான ஏறத்தாழ 73 கிலோமீட்டர் நீளம் நான்கு வழிச் சாலையாகி 2009-ஆம் ஆண்டில் போக்குவரத்துக்கு வந்தது. பயண நேரம் குறைந்தது, வணிகம் பெருகியது. நன்மை பெரிதே. ஆயினும் ஊர் சாலைக்கு ஒருபுறமும் நிலம் மறுபுறமும் உடைய உழவன் நாள்தோறும் அதனைக் குறுக்கே கடந்தாக வேண்டும். பாலமோ சுரங்கப்பாதையோ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்குமானால், மாடும் மண்வெட்டியுமாக அவ்வளவு தூரம் சுற்றி வருவானா? நடுவிலுள்ள தடுப்பைத் தாண்டுகிறான். மோட்டார் சைக்கிள்காரனோ சுற்றிச் செல்லச் சோம்பி எதிர்த்திசையிலேயே ஓட்டி வருகிறான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார்க்காரன் இவர்களை எதிர்பார்ப்பதில்லை. மூவரிடமும் கேட்டால் மூவரும் ஒரு நியாயம் சொல்லுவர். சாவு நியாயம் கேட்பதில்லை.

ஒரு நொடிக்குப் பதினேழு மீட்டர்

வேகத்தைப் பற்றிச் சிறிது கணக்குப் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருவதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்கு ஒரு நொடியேனும் ஆகும். அந்த ஒரு நொடியில் வண்டி சற்றும் வேகம் குறையாமல் 17 மீட்டர் சென்றுவிட்டது. அதன் பின்னரே பிரேக் வேலை செய்யத் தொடங்கும். நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தால் மேலும் 20 மீட்டர் சென்று நிற்கும். ஆக 37 மீட்டர். அதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் 13 அல்லது 14 மீட்டரில் நின்றிருக்கும்.

வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பது இயற்கையின் சட்டம். இதனை எந்த ஓட்டுநரின் திறமையாலும் மாற்ற இயலாது. ‘இருபது வருடமாக ஓட்டுகிறேன்’ என்று பெருமை பேசுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. விழுப்புரம் போய்ச் சேர ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்க எண்ணுவோன், அதற்கு எதனை அடகு வைக்கிறான் என்பதை எண்ணிப் பார்ப்பானாக.

பெற்றோருக்கு ஒரு சொல்

பத்தாம் வகுப்பில் மகன் நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டான். மகிழ்ச்சிப் பெருக்கில் தந்தை மோட்டார் சைக்கிள் வாங்கித் தருகிறார். அவனுக்கு வயது பதினைந்து. ஓட்டுநர் உரிமம் இல்லை. பின்னால் இரு நண்பர்கள். தலைக்கவசம் வீட்டில் ஆணியில் தொங்குகிறது. இக்காட்சியைக் காணாத ஊர் நம் வட்டாரத்தில் உண்டோ?

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், வயதுவராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரையோ வண்டியின் உரிமையாளரையோ குற்றவாளியாகக் கொள்கிறது. 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம்; வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு நீக்கப்படும். சட்டத்தின் அச்சம் ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளைக்கு அன்புடன் தந்த பரிசே அவன் உயிருக்கு உலையானால் அத்தந்தையின் எஞ்சிய வாழ்நாள் எப்படிக் கழியும் என்பதே நாம் எண்ண வேண்டுவது.

தலைக்கவசம் பற்றி நம் மாநிலம் நெடுநாள் வாதிட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து 2015 சூலை முதல் நாளிலிருந்து ஓட்டுபவரும் பின்னிருப்பவரும் அணிந்தே தீர வேண்டும் என்று அரசு கண்டிப்பாக அறிவித்தது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் அணிய வேண்டும் என்பது இன்றைய சட்டம். தலைக்கவசம் அணிந்தவர் விபத்தில் இறக்கும் வாய்ப்பு 42 விழுக்காடும், தலைக்காயம் அடையும் வாய்ப்பு 69 விழுக்காடும் குறைகின்றன என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ அறிஞர் கண்டனர். ஆயினும் 2022-இல் தலைக்கவசம் அணியாமல் நாட்டில் இறந்தவர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள்.

பின்னால் அமர்வோர் யார்? பெரும்பாலும் மனைவி, தாய், பிள்ளை. போலீசுக்குப் பயந்து ஓட்டுபவர் ஒரு கவசம் மாட்டிக்கொள்கிறார். சேலை முந்தானையைத் தலையில் போர்த்திய மனைவி பின்னால் ஒருக்களித்து அமர்ந்து வருகிறார். குடும்பத் தலைவன் தன் தலையை மட்டும் காத்துக்கொள்வது என்ன முறை? கவசத்தை அணிந்தாலும் கழுத்துப் பட்டையை மாட்டாதவர் அதனை அணியாதவரே ஆவர். மோதிய கணத்தில் அது தனியே பறந்துவிடும். வாங்கும்பொழுது ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குக.

சாலையோரக் கடை

குடியைப் பற்றிப் பேசாமல் சாலைச் சாவைப் பற்றிப் பேச இயலாது. இதில் தமிழகம் நாட்டுக்கே ஒரு வழக்கைத் தந்தது. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்ற வேண்டுமென்று வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, தமிழ்நாடு அரசின் மேல்முறையீட்டால் உச்சநீதிமன்றம் சென்றது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருத்தலாகாது என்று 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. 2017 ஏப்ரல் முதல் நாளில் அது நடைமுறைக்கு வந்தபொழுது தமிழ்நாட்டில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன.

பின்னர் நடந்தது என்ன? இருபதாயிரம் பேருக்குக் குறைந்த ஊர்களில் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. நகராட்சி எல்லைக்குள் இருக்கும் சாலைகளுக்கு அத்தடை பொருந்தாது என்ற விளக்கமும் அதே ஆண்டில் வந்தது. மூடிய கடைகளிற் பல ஊருக்குள் இடம் தேடின. அதனை எதிர்த்துப் பெண்கள் பல ஊர்களில் தெருவில் இறங்கிப் போராடினர். சாலையை விட்டுக் கடை நகர்ந்தது. குடித்தவன் சாலைக்குத்தான் திரும்பி வந்தான்.

ஆதலால் கடை எங்கே இருப்பினும், குடித்தவன் கையில் வண்டிச் சாவி இருக்கக் கூடாது என்பதே நம் வீடுகளின் சட்டமாக வேண்டும். திருமண வீட்டிலும், காது குத்தும் விழாவிலும், அடக்கம் முடிந்து திரும்பும் வேளையிலும் இது பொருந்தும். நண்பனின் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது நட்புக்கு இழுக்கன்று. போதையாலும் வேக வெறியாலும் சாலையில் தம் உயிரையும் பிறர் உயிரையும் இடருக்கு உள்ளாக்குவது கனமான குற்றம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகவே கற்பிக்கிறது. 2007-இல் வத்திக்கான் வெளியிட்ட சாலைப் பணி வழிகாட்டி ஓட்டுநருக்கெனப் பத்துக் கட்டளைகளைத் தொகுத்தபொழுது, கொலை செய்யாதிருத்தலையே முதற்கட்டளையாக வைத்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருவோருள் வண்டி ஓட்டிய விதத்தைப் பற்றித் தம் மனச்சான்றைச் சோதித்து வருபவர் எத்தனை பேர்?

திருப்பயணிகள்

ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தை நோக்கிக் காவியுடுத்த நம் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்னையிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும் நடந்து வருகின்றனர். மேல்மருவத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடந்து செல்லும் பிற சமயச் சகோதரரும் உளர். பகல் வெயிலுக்கு அஞ்சி இரவிலும் விடியற்காலையிலும் நடப்பது வழக்கம். ஓட்டுநரின் கண் சோர்ந்திருக்கும் நேரமும் அதுவே.

நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்க ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தவாறு நடக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் சாவை எவரும் காண இயலாது. முன்னே வருவதைக் கண்டு விலகலாம். வரிசையாகச் செல்க, கும்பலாகச் சாலையை அடைத்துக்கொண்டு பாடிச் செல்லற்க. கூட்டத்தின் முன்னும் பின்னும் ஒருவர் விளக்கேந்துக. ஒளி காட்டும் பட்டையைத் தோளிலும் பையிலும் தைத்துக்கொள்க. அதன் விலை ஒரு மாலையின் விலைதான். நள்ளிரவுக்குப்பின் நடப்பதைத் தவிர்த்து ஆலய வளாகத்திலோ பள்ளியிலோ தங்கிச் செல்க. வழியிலுள்ள பங்குகள் அவர்களுக்கு இரவு தங்க இடமும் குடிக்க நீரும் தருவது விருந்தோம்பல் மட்டுமன்று. உயிர் காக்கும் பணியுமாகும்.

எரிக்கோ செல்லும் வழி

அடிபட்டு வழியில் கிடந்த மனிதனைக் கண்டும் காணாமல் விலகிச் சென்றவர் இருவர். நின்று காயம் கட்டி, சத்திரத்திற் சேர்த்துச் செலவையும் ஏற்றவர் ஒரு சமாரியர். நம் ஆண்டவர் சொன்ன இவ்வுவமை நாம் அறிந்ததே. அச்சமாரியரின் பெயர் இன்று இந்திய நாட்டுச் சட்டத்தில் இடம் பெற்றிருப்பதைப் பலர் அறியார்.

2007-இல் டெல்லியில் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய சிறுவன் ஒருவனை வண்டி மோதியது. நெடுநேரம் இரத்தம் ஒழுகக் கிடந்தான். கடந்து சென்றவர் பலர். உதவ வந்தவர் இல்லை. அவன் மாண்டான். அவனுடைய உறவினரான பியூஷ் திவாரி மறு ஆண்டில் ‘சேவ் லைஃப்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். மக்கள் ஏன் உதவுவதில்லை என்று ஆராய்ந்தார். இரக்கமின்மையைக் காட்டிலும் அச்சமே பெருங்காரணம் என்று கண்டார்: போலீசு விசாரணை, நீதிமன்ற அலைச்சல், மருத்துவமனையில் பணம் கட்டச் சொல்வார்களோ என்ற பயம். அவ்வமைப்பு தொடுத்த வழக்கில், உதவுவோரைக் காக்கும் விதிமுறைகளுக்குச் சட்டத்தின் வலிமையை 2016 மார்ச் 30 அன்று உச்சநீதிமன்றம் அளித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 134-ஏ என்ற பிரிவாக அதனைச் சட்டத்திலேயே சேர்த்தது.

ஆகவே நம் மக்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டுவது இது: விபத்தில் அடிபட்டவரை நல்லெண்ணத்தோடு மருத்துவமனை சேர்ப்பவர்மீது வழக்கு இல்லை. விரும்பாவிடில் தம் பெயரையும் முகவரியையும் சொல்ல வேண்டுவதில்லை. அவரை நிறுத்தி வைக்க எவருக்கும் உரிமை இல்லை. அவரிடம் மருத்துவச் செலவு கேட்பதும் கூடாது.

நம் மாநிலத்தில் வேறு வசதிகளும் உள. 108 அவசர ஊர்தி 2008 செப்டம்பர் முதல் ஓடுகிறது. ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கி வைத்தார். அடிபட்டவர் எந்த ஊராராயினும், காப்பீட்டு அட்டை இருப்பினும் இல்லாவிடினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படும். தொடக்கத்தில் இதற்கு 1 இலட்சம் ரூபாய் வரை வரம்பிடப்பட்டது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஊர்தி வரும்வரை செய்யத்தக்கவை சில. இரத்தம் பீறிடும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நினைவற்றவர் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கி உயிரைப் போக்கும். கழுத்தும் முதுகும் வளையும்படி தூக்கி ஆட்டோவில் திணிக்கலாகாது. அன்பு இருந்தால் மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

இறந்தவர் குடும்பத்துக்கும் உரிமைகள் உண்டு. மோதிய வண்டி தெரிந்தால் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். மோதிவிட்டு ஓடிப்போன வண்டி எதுவென்று தெரியாவிடினும், 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள திட்டத்தின்படி இறப்புக்கு 2 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசின் ஏற்பாட்டால் கிடைக்கும். வருவாய்த் துறை அலுவலர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கைம்பெண்ணான ஏழைத்தாய் இதனை எங்ஙனம் அறிவாள்? விண்ணப்பம் எழுதித் தருவது பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாருக்கு ஏற்ற பணியன்றோ?

கைப்பிடிச் சுவர்

இதுகாறும் தனி மனிதரின் கடமையைச் சொன்னோம். அது பாதியே. பழைய ஏற்பாட்டில் உபாகம நூல் ஒரு வியத்தகு விதியைத் தருகிறது: புது வீடு கட்டுவோன் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லாவிடில் எவரேனும் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். விழுந்தவன் ஏன் கவனமாக நடக்கவில்லை என்று அந்நூல் கேட்கவில்லை. கட்டியவன் ஏன் சுவர் வைக்கவில்லை என்று கேட்கிறது.

இக்கருத்தையே சுவீடன் நாடு 1997-இல் தன் நாடாளுமன்றத்தில் தேசியக் கொள்கையாக ஏற்றது. மனிதர் தவறு செய்வர். அத்தவற்றுக்குச் சாவு தண்டனையாகாதபடி சாலையை அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். எதிரெதிர் வண்டிகள் மோதாதபடி நடுவில் கம்பித் தடுப்பு அமைத்தனர். நாற்சந்திகளை வட்டச் சந்திகளாக்கினர். குடியிருப்புகளில் வேகத்தை 30 கிலோமீட்டராகக் குறைத்தனர். 1997-இல் அங்கே சாலையில் இறந்தவர் 541 பேர். 2022-இல் 227 பேர். இதற்கிடையே வண்டிகள் பெருகினவேயன்றிக் குறையவில்லை. செல்வ நாட்டுக்கு இயலும், நமக்கு இயலுமோ என்பாருக்கு மும்பை - புனே விரைவுச்சாலை விடை கூறும். 2016-இல் அங்கு 151 பேர் இறந்தனர். அவ்வாண்டு முதல் ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் தேடி, தூண்களையும் தடுப்புகளையும் திருத்தி, நிறுத்திய லாரிகளை அகற்றி, வேகத்தைக் கண்காணித்தனர்; பின்வந்த ஆண்டுகளில் சாவுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. விதி புனேயில் மட்டும் மாறிற்றா?

நாம் செய்யத்தக்கவை

ஐந்நூறு மீட்டர் அளவுள்ள சாலைப்பகுதியில் மூன்றாண்டுகளில் ஐந்து கடும் விபத்துகளோ பத்துச் சாவுகளோ நிகழ்ந்தால் அதனை விபத்து மிகு இடமாகக் கொள்வது நெடுஞ்சாலைத் துறையின் வரையறை. ஆனால் சிற்றூர்ச் சாலைகளின் அபாய வளைவுகளை ஊராரே நன்கறிவர். ஒவ்வொரு பங்கிலும் இளைஞர் ஒரு குறிப்பேடு வைத்து, எங்கே, எந்நேரம், என்ன காரணத்தால் விபத்து நிகழ்ந்தது என்று எழுதி வருவார்களாக. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் அதனை வைத்துத் தீர்மானம் நிறைவேற்றலாம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியரே. அவரிடம் மனுவாக அளிக்கலாம். ஆட்சியர் சிற்றூருக்கு வந்து குறை கேட்கும் நாளுக்கு ‘மனுநீதி நாள்’ என்று நம் அரசு பெயரிட்டிருப்பதை மறவாதீர். ஆராய்ச்சி மணி இன்றும் தொங்குகிறது, அசைப்பார் இல்லை.

அரசைக் கேட்கும் முன் நாமே செய்யக் கூடியவையும் உண்டு. டிராக்டருக்கும் மாட்டுவண்டிக்கும் ஒளிப்பட்டை ஒட்டலாம். சாலையில் தானியம் காய வைக்காதபடி பொதுக்களம் கேட்டுப் பெறலாம்; அதுவரையில் இரவில் கற்களையேனும் எடுத்துவிடலாம். மறைக்கல்வி வகுப்பில் சாலை விதிகளையும் கற்பிக்கலாம். திருமண ஓலை வாசிக்கும்பொழுதே, விருந்துக்கு வருவோர் தலைக்கவசத்துடன் வருக என்று ஒரு சொல் சேர்க்கலாம். புதிய வண்டியை மந்திரிக்கக் கொண்டுவருவோரிடம், ஓட்டுநர் உரிமமும் இரண்டு தலைக்கவசமும் காப்பீட்டுச் சான்றும் உண்டா என்று குருக்கள் கேட்கலாம். இல்லையெனில், அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள் என்று அன்போடு திருப்பி அனுப்பலாம். தீர்த்தம் தெளிப்பது கவனத்திற்கு மாற்றன்று.

இனியொரு சாவு நம் ஊரில் நேர்ந்தால் அழுவோம், செபிப்போம், அடக்கம் செய்வோம். எட்டாம் நாள் பூசை முடிந்தபின் ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களும் அவ்விடம் சென்று நின்று, இது ஏன் நிகழ்ந்தது, மறுமுறை நிகழாதிருக்க என்ன செய்யலாம் என்று ஒருவரையொருவர் கேட்போமாக. இறந்தவருக்கு நாம் செய்யும் மரியாதையில் இதுவும் ஒன்று. உயிரோடிருப்பவருக்கு அதுவே பெரிய உதவி.